மரத் துப்பாக்கிப் படமும் சேக்தாவூது ஹஜ்ரத் எழுதிய கடிதமும்

பெயர்: சாமிதுரை. வயது: 69. தகப்பனார் பெயர்: ஆண்டவர் (காலமாகிவிட்டார்). முகவரி: தெற்குத் தெரு, ரெட்டிபாளையம், அரியலூர் வட்டம், பெரம்பலூர் மாவட்டம். நாள்: 06.09.2004.

நான் மேற்கண்ட முகவரியில் மனைவி குஞ்சம்மாள், மகன் காசிநாதன், மருமகள் தமிழ்மொழி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் வெடி வைக்கும் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து 1993ஆம் ஆண்டு ஓய்வு பெற்றேன். பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வெடிமருந்து விதிகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததால் அகராதி வைத்துக்கொண்டு ஆங்கிலம் நானாகக் கற்றேன்.

என்னை யாரும் சம்மன் கொடுத்து அழைக்கவில்லை. லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த சேக்தாவூது ஹஜ்ரத் என்பவர் ஈராக் நாட்டு ஆயுதக் குழு ஒன்றுடன் தொடர்பு வைத்திருக்கிறார் என்று பெயர் போடாத மனு ஒன்று வந்திருப்பதாகவும், அதன் பேரில் அவர் மீது வழக்குப் பதியலாமா என்று விசாரணை நடப்பதாகவும் கேள்விப்பட்டு, நானே பஸ் ஏறி இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். சார்பு ஆய்வாளர் அவர்கள் என்னை உட்காரவைத்து மரியாதையாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிய தாளை வாங்கிப் படித்தபோது பெயரும் தேதியும் சரியாக இருந்தன. ஆனால் படம் பற்றி நான் சொன்னதும், கடிதம் யாருடையது என்று நான் சொன்னதும் அதில் இல்லை. விசாரணைக்கு அவை தேவையில்லை என்றார்கள். தேவை என்பதால் முழுவதையும் என் கைப்பட எழுதித் தருகிறேன். வெள்ளைத்தாள் கொடுத்த தலைமைக் காவலருக்கு நன்றி.

என் மகன் காசிநாதனுக்கு வயது 31. கல்யாண வீடுகளில் சமையல் செய்பவன். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கம் முகூர்த்த நாட்களில் அவனுக்கு வேலை இருக்கும். அவன் எந்த நாட்டுப் பட்டாளத்திலும் ஒருநாளும் இருந்ததில்லை. பெரம்பலூரில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் சுரேஷ்குமார் என்பவர் குவைத்தில் ஒரு கம்பெனிச் சமையற்கட்டில் வேலை என்று சொல்லி, 18.01.2004 அன்று அவனை விமானம் ஏற்றி அனுப்பினார். அதன் பிறகு மார்ச் மாதம் எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு என் மகன் போன் செய்தான். குவைத்தில் இறங்கிய மூன்றாம் நாள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றினார்கள் என்றும், எல்லை தாண்டியது தெரியாமலே தூங்கிவிட்டதாகவும், இப்போது ஈராக்கில் அமெரிக்கப் பட்டாளத்தின் முகாம் ஒன்றில் ஐந்நூறு பேருக்கு முட்டை பொரித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னான். திரும்பி வா என்றேன். பாஸ்போர்ட் இல்லையே அப்பா என்றான்.

அதன் பிறகு 11.06.2004 அன்று பூத் வைத்திருக்கும் ஜெயலட்சுமி, வழக்கமாகத் தெருவிலிருந்தே குரல் கொடுப்பவர், அன்று பூத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தார். என் மகனோடு வேலை பார்க்கும் ஒருவர் போன் செய்ததாகவும், இரண்டு நாள் முன்பு காய்கறி எடுக்கப் போன வேனை வழியில் மறித்து என் மகனையும் நேபாளத்துச் சமையற்காரர் ஒருவரையும் ஆயுதம் ஏந்தியவர்கள் கொண்டுபோய்விட்டதாகவும், கம்பெனி பத்து நாளைக்குள் ஈராக்கை விட்டுப் போகாவிட்டால் இருவரையும் கொல்வோம் என்று எழுதி வேன் ஓட்டியவர் கையில் கொடுத்து அனுப்பியதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டும் வரை எங்கள் வீட்டிலேயே இருந்தார். அன்று அவருடைய வியாபாரம் போயிற்று. அதை நான் மறக்கவில்லை.

மறுநாள் அரியலூரில் வழக்கறிஞர் ஒருவரிடம் போனேன். சண்டை நடக்கும் இடத்தில் சமையற்காரனுக்குச் சட்டம் உண்டா என்று கேட்டேன். அவர் அலமாரியில் தேடி 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் என்ற மெல்லிய புத்தகத்தை எடுத்து, படித்துவிட்டுத் தாருங்கள் என்று இரவலாகக் கொடுத்தார். இதுவரை அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. நான்கு உடன்படிக்கைகளும் அதன் அட்டவணையில் உள்ளன. இரண்டு நாளில் வேண்டியதைப் படித்தேன். ஆயுதம் எடுக்காதவனைக் கொல்லக் கூடாது, பணயமாகப் பிடிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. பட்டாளத்தோடு கூடவே போகும் சமையற்காரன், சரக்குக் கொண்டுபோகிறவன் ஆகியோர் படையாள் அல்ல என்றும், பிடிபட்டால் அவனுக்கும் கைதிக்குரிய பாதுகாப்பு உண்டு என்றும் இருக்கிறது. போரிலே ஏது சட்டம் என்று என்னிடம் பலர் சொன்னார்கள். சுரங்கத்தில் வெடி வைப்பதற்கு முன் மூன்று தடவை சங்கு ஊதி, சிவப்புக் கொடி போட்டு, ஆடு மேய்க்கிறவர் யாரும் பள்ளத்தில் இருக்கிறாரா என்று ஒரு ஆள் சுற்றிப் பார்த்து வந்த பிறகுதான் நான் திரி வைப்பேன். பாறையை உடைப்பதற்கே இவ்வளவு இருக்கும்போது, மனிதனைச் சுடுவதற்கு ஒன்றுமே இருக்காது என்று நான் நம்பவில்லை. நம்பாதது சரி என்று அந்தப் புத்தகத்தில் கண்டேன்.

அதன் பிறகு 14.06.2004 திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க, மகனை மீட்டுத் தரும்படி நான்கு பக்க மனு எழுதினேன். மனுவோடு படம் வைக்க வேண்டும். பாஸ்போர்ட் அளவுப் படங்கள் எல்லாம் சுரேஷ்குமாரிடம் போய்விட்டன. வீட்டில் இரண்டு படம் இருந்தது. ஒன்று கல்யாணப் படம். மற்றொன்று 1999ஆம் ஆண்டு கார்கில் சண்டை நடந்த சமயம் எங்கள் ஊர் ஆடித் திருவிழாவில் போட்ட நாடகத்துக்காக எடுத்தது. அந்த நாடகத்தில் என் மகன் நம் நாட்டு வீரனாக நடித்தான். வாடகைக்கு எடுத்த பட்டாள உடுப்பும், தச்சர் செய்து கொடுத்த மரத் துப்பாக்கியுமாக, எதிரி வீரனாக நடித்த அரியமுத்துவைக் கீழே படுக்கவைத்து அவன் நெஞ்சில் ஒரு கால் வைத்தபடி, அரியலூர் ஸ்டுடியோவில் எடுத்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தோம். நான் அதைத்தான் கழற்றினேன். குஞ்சம்மாள் தடுத்தாள்.

"என்னங்க, புள்ள சட்டையப் பாருங்க, பட்டாளத்தான் மாதிரி இருக்கான். கல்யாணப் போட்டோவக் குடுங்க" என்றாள்.

கல்யாணப் படத்தில் மாலை பாதி முகத்தை மறைக்கிறது என்றும், இதில்தான் முகம் தெளிவாக இருக்கிறது என்றும், மனு விஷயம் உனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். உண்மை என்னவென்றால் அந்தப் படத்தில் அவன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். பார்ப்பவர்களுக்கு அவன் அப்படித் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். போரில் யார் படையாள், யார் படையாள் அல்ல என்று பிரித்துப் பார்ப்பதே அந்தச் சட்டத்தின் உயிர். அதை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தவன் நான். படித்த கையோடுதான் இந்தத் தவறைச் செய்தேன். இதை எழுத்தர் எழுதவில்லை.

மனு கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டதால் படத்தைக் கொடுத்தேன். மறுநாள் பேப்பரில் வந்தது. கீழே கிடந்த அரியமுத்துவை வெட்டிவிட்டு, உடுப்பும் துப்பாக்கியுமாக மேல்பாதியை மட்டும் போட்டிருந்தார்கள். செய்தியில் சமையற்காரர் என்றுதான் இருந்தது. ஆனால் படம் செய்தியைப் படிக்க விடாது. நான் ஐந்து பிரதி வாங்கினேன்.

அதன் பிறகு 17.06.2004 மாலை, வெள்ளைத் தொப்பி அணிந்த ஒருவர் விலாசம் விசாரித்து வீட்டுக்கு வந்தார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து மூன்று பஸ் மாறி வந்ததாகவும், அங்கே மதரஸாவில் அரபுப் பாடம் நடத்தும் ஹஜ்ரத் என்றும், தன் பெயர் சேக்தாவூது என்றும் சொன்னார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. நாங்கள் தண்ணீர் கொடுத்தோம், குடித்தார். அதன் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சு இது.

"ஐயா, உங்க மகன் பட்டாளத்துல இருந்தாருங்களா?"

"இல்லைங்க. கல்யாணச் சமையல்."

"அப்ப அந்தப் படம்?"

"நாடகங்க. திருவிழா நாடகம்."

அவர் தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தார். பிறகு, "குவைத்துல என் அக்கா மகன் கடை வச்சிருக்கான். நேத்து அரபு டி.வி.யில அந்தப் படத்தக் காட்டுனாங்களாம். இந்திய ராணுவத்து ஆளுன்னு சொன்னாங்களாம். அங்க அது நாடகம்னு யாருக்குங்க தெரியும்?" என்றார்.

குஞ்சம்மாள் எழுந்து போய்க் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

நான் அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். ஹஜ்ரத் அதைப் பொறுமையாகக் கேட்டார். தங்கள் மார்க்கத்திலும் சண்டையில் பெண்களையும் பிள்ளைகளையும் கூலிக்கு வந்த வேலையாளையும் கொல்லக் கூடாது என்று ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாக இருக்கிறது என்றார். இரண்டு சட்டமும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கண்டு எனக்குத் தெம்பு வந்தது. அரபியில் ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று நான்தான் கேட்டேன். அவராக முன்வந்து எழுதவில்லை. இதை விசாரணை அதிகாரி குறித்துக்கொள்ள வேண்டும்.

கடிதத்தில் முதலில், பணயமாகப் பிடித்தது சட்டப்படி குற்றம் என்று பிரிவு எண்ணோடு எழுத வேண்டும் என்றேன். ஹஜ்ரத், "ஐயா, கொழுந்து விட்டு எரியற வூட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு வரி ரசீது கேக்கக் கூடாது. மொதல்ல புள்ள வெளிய வரட்டும்" என்றார். நான் விடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வாதாடினோம். கடைசியில் என் ஒரு வரிக்கு இடம் கொடுத்தார். அந்த வரியைக் கடிதத்தின் முடிவில் போட்டார்.

சொன்னால் மட்டும் போதாது, அத்தாட்சி வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தோம். மறுநாள் உடையார்பாளையத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் தங்கசாமியிடம் போனேன். அவர் கடையை மூடிவிட்டு ஒன்றரை நாள் உட்கார்ந்து பதினொரு கல்யாணக் கேசட்டுகளை ஓடவிட்டுப் பார்த்தார். பன்னிரண்டாவது கேசட்டில், பந்திக்குப் பின்னால், என் மகன் பனியனோடு சாம்பார் அண்டாவைக் கிளறும் காட்சி நான்கு விநாடி வந்தது. அதை நிறுத்திப் படமாக எடுத்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அதன் பிறகு அரியமுத்துவைப் பார்த்தேன். பேப்பர்காரர்கள் வெட்டிப் போட்ட கீழ்ப்பாதியில் அவன் இருக்கிறான். முழுப் படத்தையும் உற்றுப் பார்த்தால், செத்துக் கிடக்கும் எதிரி வீரன் ஒரு கண்ணைத் திறந்து காமிராவைப் பார்ப்பது தெரியும். அன்று அதற்காக ஸ்டுடியோக்காரர் அவனைத் திட்டினார். 'நான் நாடகத்தில் சுடப்பட்டவன், உயிரோடு இருக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டேன்.

"பெரியப்பா, நான் செத்ததுக்கு ஊரே சாட்சி இருக்கு. உயிரோட இருக்கேன்னு எழுதத்தான் இத்தன நாளா ஒருத்தரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் எழுதிக் கொடுத்தான்.

21.06.2004 காலை நானும் ஹஜ்ரத்தும் பெரம்பலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் கல்யாணப் படம், சாம்பார் அண்டாப் படம், வெட்டாத முழு நாடகப் படம், நாடக நோட்டீஸ், அடியில் அரபு மொழிபெயர்ப்போடு அரியமுத்துவின் எழுத்து, ஹஜ்ரத்தின் அரபுக் கடிதம் ஆகிய ஆறையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, குவைத்தில் உள்ள அவருடைய அக்கா மகனுக்கு அனுப்பினோம். அவர் அவற்றை அச்செடுத்து, ஈராக்குக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்கள் மூலம் வேன் மறிக்கப்பட்ட பகுதியின் பள்ளிவாசல் ஒன்றுக்குக் கொடுத்தனுப்பினார். ஹஜ்ரத்துக்கு இருந்த தொடர்பு இவ்வளவுதான். ஆயுதம் வைத்திருந்தவர்கள் யார், என்ன பெயர் என்று இன்றுவரை அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கெடு அதற்கு இரண்டு நாள் முன்பே முடிந்திருந்தது. அதன் பிறகு பத்து நாள் எந்தத் தகவலும் இல்லை. அந்தப் பத்து நாளும் குஞ்சம்மாள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. ஹஜ்ரத் தினமும் மாலை பூத்துக்குப் போன் செய்து, இன்னும் ஒன்றும் வரவில்லை ஐயா என்று சொல்லிவிட்டு வைப்பார். ஒன்றும் இல்லை என்று சொல்வதற்காக ஒரு மனிதர் தினமும் காசு செலவழித்துப் போன் செய்தார். 01.07.2004 அன்று போன் செய்தது என் மகன். அவனையும் நேபாளத்துக்காரரையும் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனதாகச் சொன்னான்.

என் மகன் 11.07.2004 அன்று வீடு வந்து சேர்ந்த பிறகு சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். முதல் சில நாட்கள் அவனையும் நேபாளத்துக்காரரையும் ஒன்றாக வைத்திருந்தார்கள். அவர்களுக்கே சமைத்தும் போட்டான். பிறகு ஒருநாள், உடுப்போடும் துப்பாக்கியோடும் இருந்த பாதிப் படத்தைக் கொண்டுவந்து காட்டி இது யார் என்று கேட்டார்கள். நாடகம் என்று எவ்வளவு சொல்லியும் நம்பாமல் அவனைத் தனி அறையில் கட்டிப்போட்டார்கள். வீடியோ காமிரா கொண்டுவந்து வைத்தார்கள். அதாவது நான் கொடுத்த படம் அவனை அந்த அறைக்குக் கொண்டுபோனது. அதன் பிறகு ஒரு வாரம் கழித்து, வயதான ஒருவர் கையில் தாள்களோடு வந்து, அவற்றைக் காட்டாமல், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவரை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். உன் காலடியில் கிடந்தவன் யார், இப்போது எங்கே இருக்கிறான்?

"அரியமுத்துன்னேன் அப்பா. எங்க தெருதான், போன தீபாவளிக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சினிமாவுக்குப் போனோம்னேன். அந்தப் பெரியவரு தாளப் பாத்தாரு. ஒத்தக் கண்ண மூடிக் காட்டி அவரே சிரிச்சுட்டாரு. அப்புறந்தான் கட்ட அவுத்தாங்க" என்றான்.

என் மகனைப் பிடித்தது குற்றம். அதில் நான் ஒரு எழுத்தும் விட்டுத் தரமாட்டேன். ஆனால் சுடுவதற்கு முன் ஒருவர் கேட்டார். படையாளா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் படையாள் அல்ல என்றே கொள்ள வேண்டும் என்று பிற்பாடு வந்த ஒரு உடன்படிக்கையில் இருப்பதாகவும், அதில் நம் நாடு இன்னும் கையெழுத்திடவில்லை என்றும் வழக்கறிஞர் சொன்னார். அது ஏன் என்று கேட்டு நான் டெல்லிக்குத் தனி மனு அனுப்பியுள்ளேன். பதில் இல்லை. மறுபடி அனுப்புவேன். முகம் தெரியாத அந்தப் பெரியவருக்கு நன்றி சொல்ல விலாசம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

அதன் பிறகு 19.07.2004 அன்று சுரேஷ்குமார் மீது நான் புகார் கொடுத்தேன். அவர் வீட்டுக்கு வந்து புகாரைத் திரும்பப் பெறும்படி கேட்டார். மறுத்தேன். போகும்போது வாசலில் நின்று, "உங்களுக்கு உதவுன அந்தத் தொப்பிக்காரரு எப்படி அனுப்புனாரு, யாருக்கு அனுப்புனாரு எல்லாம் எனக்குத் தெரியும் பெரியவரே, பாத்துக்குங்க" என்று சொன்னார். தமிழ்மொழி அதைக் கேட்டிருக்கிறாள், சாட்சி சொல்வாள். பெயர் போடாத மனு அடுத்த மாதம் வந்தது. யார் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. தேதிகளை மட்டும் சொல்கிறேன்.

ஜூலை 25ஆம் தேதி மகனை அழைத்துக்கொண்டு லப்பைக்குடிக்காட்டுக்குப் போய் நன்றி சொன்னேன். ஹஜ்ரத் என் மகனை மேலும் கீழும் பார்த்து, "படத்துல பாத்ததுக்கு ஆளு ஒல்லியாத்தான் இருக்கீங்க தம்பி" என்றார். படம் கொடுத்தவன் நான் என்று அவருக்குத் தெரியும். அன்றும் சரி, அதற்கு முன்னும் சரி, அதைப் பற்றி என்னை ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது அவர் மதரஸாவுக்குப் போலீஸ் வந்துபோன பிறகு நான்கு பிள்ளைகளைப் பெற்றோர் வந்து நிறுத்திவிட்டார்கள் என்று அறிகிறேன். அதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

இன்று காலை சார்பு ஆய்வாளர் அவர்கள், "பெரியவரே, எனக்கு அரபு தெரியாது, அவரு என்ன எழுதுனாருன்னும் தெரியாதுன்னு ஒரு வரி போட்டுக்கறோம். உங்க பேரு இதுல வராது, நிம்மதியா வூட்டுக்குப் போங்க" என்றார். என் வயதை எண்ணி நல்ல மனதோடு சொன்னார் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பொய். எனக்கு அரபு தெரியாது என்பது மெய். கடிதத்தில் உள்ளது தெரியாது என்பது பொய். ஒவ்வொரு வரியையும் ஹஜ்ரத் தமிழில் சொல்லி, நான் சரி என்ற பிறகுதான் எழுதினார். அதில் இருப்பது இவ்வளவே: இவன் என் மகன். சமையற்காரன். ஏமாற்றி அழைத்து வரப்பட்டவன். அந்தப் படம் நாடகம். அதை வெளியே கொடுத்தது என் பிழை, அதற்கு அவனைத் தண்டிக்காதீர்கள். ஆயுதம் எடுக்காதவனைப் பணயமாக வைப்பது உங்கள் மார்க்கத்துக்கும் உலகச் சட்டத்துக்கும் விரோதம். இப்படிக்கு, தகப்பன் சாமிதுரை. கீழே தமிழில் என் கையெழுத்து இருக்கிறது. ஹஜ்ரத்தின் பெயர் அதில் எங்கும் இல்லை. நகல் ஒன்று இத்துடன் இணைத்துள்ளேன். அரபு தெரிந்த யாரை வேண்டுமானாலும் வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

ஆகவே அந்தக் கடிதம் என் கடிதம். அதை அனுப்பியது குற்றம் என்றால் குற்றம் செய்தவன் நான். வழக்குப் பதிவதானால் என் பெயரில் பதிய வேண்டும். எழுதத் தெரியாதவனுக்கு மனு எழுதிக் கொடுத்தவரை எந்தச் சட்டத்திலும் குற்றவாளியாக்க முடியாது. நானே நாற்பது ஆண்டுகளாகத் தெருவில் உள்ளவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். மாற்று வேட்டியும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் பையில் எடுத்து வந்துள்ளேன். வீட்டில் சொல்லிவிட்டே வந்தேன். படத்தைக் கழற்றியபோது என்னைத் தடுத்த குஞ்சம்மாள், இன்று தடுக்கவில்லை. பையை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

மேலே எழுதியது அனைத்தும் நான் கண்டதும், செய்ததும், என் மகன் வாயால் கேட்டதுமே. யாருடைய தூண்டுதலும் இல்லை. இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியுள்ளேன், அங்கே சுருக்கொப்பம் இட்டுள்ளேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து இட்டுள்ளேன். எந்தப் பக்கத்தையும் எடுத்துவிடாமல் கோப்பில் சேர்த்து, ரசீது தர வேண்டுகிறேன். தரும் வரை வெளியே பெஞ்சில் இருப்பேன்.

(ஒப்பம்)
ஆ. சாமிதுரை